நாலு காம்பராவில் ஒரு கம்பெனி

ஹபீஸ் நானா மாவை உள்ளங்கையில் கொட்டிப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். பதுளை பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவர், சாமான் நல்லதாக இருந்தால்தான் முகத்தைச் சுளிப்பார். அன்றைக்கு நன்றாகவே சுளித்தார்.

"வறுவல் சரியா ஈக்கி தங்கச்சி. கட்டி இல்ல, கருகல் இல்ல. ஆனா எனக்கு இத விக்கேலாது."

"ஏன் நானா?" என்றாள் சிவசக்தி.

"ஷொப்பிங் பேக்ல முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்தீக்கிறீங்க. வாற சனம் இது மாவா, கோலப்பொடியான்னு கேக்கும். பெக்கட் வேணும், லேபல் வேணும், திகதி வேணும். சுகாதாரம் பாக்குற பி.எச்.ஐ. வந்தா காட்டுறதுக்கு ஒரு துண்டு வேணும். அதெல்லாம் செஞ்சிட்டு வாங்க, கிழமைக்குக் கிழமை எடுக்கிறன். டவுன்ல இப்ப ஆரு புட்டுக்கு மா வறுக்கிறா? எங்கட ஊட்டுலயே கடையிலதான் வாங்குற."

கிழமைக்குக் கிழமை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சிவசக்தி தோட்டத்து பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே மழை. உள்ளே நனைந்த குடைகளும், வெலிமடையிலிருந்து வந்த லீக்ஸ் மூட்டையின் வாசமும். கருங்காட்டுத் தோட்டத்து மேற்பிரிவு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். கால் வலி தெரியவில்லை.

அவளுடைய புருஷன் கிருஷ்ணராஜ் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டவன். ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்த பிறகு குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. அவள் ஒருத்தி கொழுந்து பறித்து நாலு வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. இந்த நிலைமை தெரிந்து மூக்கில் வியர்த்ததுபோல், ஹல்துமுல்லையிலிருந்து ஓர் ஆள் அடிக்கடி போன் பண்ணினார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்புகிற சப் ஏஜென்ட்.

"தங்கச்சி, குவைத்துல பழைய ஆளுக்குத்தான் கேக்குறாங்க. நீங்க பழைய ஆள். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பழைய ஆள்தான். மூத்தவள் கிஷானி தவழ்ந்துகொண்டிருந்தபோது சிவசக்தி ஒரு தடவை போயிருந்தாள். திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த ஆன்ட்டி எப்பப்பா போவாங்க?" என்று கேட்டது. இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறாள். காய்ச்சல் வந்தால் இன்றைக்கும் 'அப்பா' என்றுதான் முனகுவாள். சின்னவள் யதுஷாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதில் சிவசக்தி ஒரே பிடியாக நின்றாள். இந்த மாவில் ஏதாவது வழி பிறந்தால் தோட்டத்தோடு கிடக்கலாம். பிறக்காவிட்டால் குவைத். இரண்டுக்கும் நடுவில் வேறு பாதை கிடையாது.

வழி தேடிப் பதுளையில் அவள் ஏறி இறங்காத படி இல்லை. பேங்கில், அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணை வைக்கச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் தபால்காரர்; அவரும் குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஒற்றை அறைகள் ஒட்டி நிற்கிற லயத்துப் பக்கம் வந்ததில்லை, கடிதங்களைத் தோட்டத்து ஆபீசில் போட்டுவிட்டுப் போய்விடுவார். சுயதொழில் உதவி கொடுக்கிற இன்னோர் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"தொழில் எந்த இடத்துல?"

"லயத்துல சேர். எங்க காம்பராவுல."

"காணி உறுதி, பத்திரம் ஏதும் இருக்கா?"

"எங்க பாட்டன் காலத்துலருந்து அங்கதான் சேர் இருக்கோம்."

"இருக்கிறது வேற அம்மா, சொந்தம் வேற. அடுத்த ஆள்."

கடைசியில் வழி காட்டியது ஜெயந்தினியின் போன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண், அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளி. கொழும்பில் ஓர் அறக்கட்டளை தோட்டப் பெண்களுக்குத் தொழில் தொடங்கச் சாமான் கொடுக்கிறதாம். திருப்பிக் கட்ட வேண்டாமாம். காணி உறுதியும் கேட்கவில்லை.

"ஆனா அக்கா, தனி ஆளுக்குக் குடுக்க மாட்டாங்களாம். கொறஞ்சது நாலு பேரு குழுவா இருக்கணும்."

"மா வறுக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே?"

"தெரியாட்டி என்னா, பேருதானே கேக்குறாங்க."

பீலியடியில் வைத்துத்தான் ஆள் சேர்த்தாள். மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற அந்த இடத்தில் குடத்தோடு நிற்காத பெண் தோட்டத்தில் இல்லை. கிருஷ்ணராஜின் அக்கா அமராவதி உடனே தலையாட்டினாள். அவளுடைய மருமகள் கர்ப்பமாக இருந்தாள். ஏதாவது கிடைத்தால் நல்லது. பக்கத்துக் காம்பரா பெரியாயியிடம்தான் பேச்சு நீண்டது. வயசாகித் தோட்டத்து வேலையிலிருந்து பேரெழுதி எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவள். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவள்.

"சும்மாவா குடுக்கிறாங்க?"

"சும்மாதான் அத்த."

"சும்மா குடுக்கிறவன் ஏன் கொழும்புலருந்து வாறான்? கொழும்புல ஏழ பாழ இல்லியா?"

"அத நீங்களே அவங்ககிட்டக் கேளுங்க. பேர எழுதவா வேணாமா?"

"எழுது எழுது. வாறது வரட்டும். போறதுக்கு எங்கிட்ட என்னா இருக்கு?"

அறக்கட்டளையிலிருந்து ரிஸ்கா என்ற பெண் பார்க்க வந்தாள். பண்டாரவளைக்காரி, சின்ன வயசு, மலை ஏறி மூச்சு வாங்கியபோதும் சிரித்த முகம். சிவசக்தியின் காம்பராவில் பாய் மேலேயே உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தாள். சிவசக்தி வறுத்த மாவில் அவித்த புட்டை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

"உங்க குழுவோட நோக்கம் என்ன?"

பெரியாயிதான் சொன்னாள்: "நோக்கம் என்னா மிஸ்ஸு, திங்கிறதுதான்."

ரிஸ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வேறு ஏதோ எழுதிக்கொண்டாள்.

தொழில் செய்ய இடம் கேட்டபோது சிவசக்தி பழைய பிள்ளை மடுவத்தைக் காட்டினாள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டடம். புதிது கட்டிய பிறகு சும்மா பூட்டிக் கிடந்தது. தோட்டத்தை நடத்துகிற துரையும் வாயால் சரி என்று சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்து 'உங்கள் குழு தெரிவு செய்யப்பட்டது' என்று போன் வந்த அன்றைக்கு, சிவசக்தி ஹல்துமுல்லைக்காரரின் அழைப்பை எடுக்கவே இல்லை.

லொறி வந்த நாளில் தூறல். பெரிய வாயுள்ள காஸ் அடுப்பு ஒன்று, சிலிண்டரோடு. வறுப்பதற்கு, ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போலிருந்த இரும்புத் தாச்சி. மா அரைக்கிற மெஷின். பெக்கட் வாயை ஒட்டுகிற மெஷின், கூடவே ஒரு தராசு. பளபளவென்று ஒரு எவர்சில்வர் மேசை, மூடி போட்ட இரண்டு பெரிய டிரம். 'உதயம் மகளிர் குழு – தலைவி: கி. சிவசக்தி' என்று எழுதின ஒரு போர்டு. ரிஸ்கா நாலு பேரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னாள்:

"ஒண்ணு சொல்றேன், நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. இது சிவசக்தி அக்காட சாமான் இல்ல. நாலு பேருக்கும் சமமாச் சொந்தம்."

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். லொறி அவளையும் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போயிற்று. மடுவத்துச் சாவி கேட்டு ஆபீசுக்குப் போன சிவசக்தியிடம் துரை கையை விரித்தார்.

"நான் வாயால சொன்னதுதான். எழுத்துல வேணும்னா கொழும்பு ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். கேட்டு எழுதுறேன்."

"அது வரைக்கும் காம்பராவுல செய்யட்டுங்களா தொர?"

"லைன் ரூம்ல பிசினஸ் செய்ய ஏலாது. நாளைக்கு நெருப்புப் பிடிச்சா நானா பதில் சொல்றது?"

திரும்பி வந்தபோது அமராவதி தன் சேலை முந்தானையை மெஷின் மேல் விரித்துக்கொண்டு நின்றாள். தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. ஒரு காம்பராவுக்குள் இத்தனையும் அடங்காது. அடங்கினாலும் துரையின் ஆள் கணக்கப்பிள்ளை வந்து எட்டிப் பார்ப்பார். சிவசக்திதான் சொன்னாள்:

"மடுவம் தொறக்கிற வரைக்கும் ஆளுக்குக் கொஞ்சமா எடுத்து வெச்சுக்குவோம்."

"ஆருக்கு எது?" என்றாள் பெரியாயி. "நீ சொன்னா நாளைக்குப் பேச்சு வரும். நான் சொன்னாலும் வரும். அம்மன் முன்னுக்குச் சீட்டுப் போட்டுருவோம்."

மேற்பிரிவில் அதுதான் வழக்கம். வெளியிலிருந்து எது வந்தாலும் மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து, துண்டுத்தாளை உருட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு பங்கு பிரிப்பார்கள். ஊரடங்கு நேரத்து அரிசியும் அப்படித்தான், கூரைத் தகரமும் அப்படித்தான். மிஞ்சின ஒற்றைத் தகரத்தைக்கூட வெட்டிப் பங்கு வைத்தார்கள். அந்தக் கீற்று யாருடைய கூரைக்கும் உதவவில்லை. ஆனால் யார் மேலும் யாருக்கும் வருத்தமும் இல்லை. பங்கு பிரிக்காமல் 'எல்லாருக்கும் பொது' என்று விட்டது ஒரே ஒரு தடவை. தையல் மெஷின்கள் வந்தபோது. அவை தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டுக்குள் போயின. அதற்குப் பிறகு தலைவரின் மகளுக்கு மட்டும் விதவிதமாகச் சட்டை தைக்கப்பட்டது.

சிவசக்தி யோசிக்கவில்லை. எடுத்து வைப்பதற்குத்தானே, யார் வீட்டில் எது இருந்தால் என்ன என்று நினைத்தாள். யதுஷாதான் சீட்டு எடுத்தது. அமராவதிக்கு அடுப்பும் தாச்சியும். பெரியாயிக்கு அரைக்கிற மெஷின். ஜெயந்தினிக்கு ஒட்டுகிற மெஷினும் தராசும். கடைசித் துண்டு சிவசக்திக்கு: மேசை, இரண்டு டிரம், போர்டு. பூசாரி எல்லாச் சாமானுக்கும் திருநீறு பூசினார். யாரோ சூடம் கொளுத்தினார்கள்.

அந்தச் சூடத்தோடு கம்பெனி முடிந்தது. சிவசக்திக்கு அது விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஹெட் ஆபீஸ் பதில் எழுதவில்லை. அமராவதி வீட்டில் குழந்தை பிறந்தது. அடை மழை, ஒரு விறகும் எரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் காஸ் அடுப்பில் கொதித்தது. பெரியாயி ஒரு நாள் தன் வீட்டுக்கு மிளகாய் அரைத்தாள். மறுநாள் அடுத்த வீட்டுக்காரி தன் மிளகாயைக் கொண்டுவந்தாள். அரைத்துக் கொடுத்ததற்கு ஒரு கை தூளை விட்டுப் போனாள். அதிலிருந்து பெரியாயி வீட்டு வாசலில் எந்நேரமும் இரண்டு பேர் சட்டியோடு நின்றார்கள். ஜெயந்தினியின் தம்பி பதுளை ரயிலில் கடலை விற்கிறவன். அவனுடைய கடலை இப்போது வாய் ஒட்டின பெக்கட்டில் போனது.

சிவசக்தி ஒவ்வொரு வாசலாகப் போனாள்.

"மதினி, ஞாயித்துக்கெழம மட்டும் அடுப்பக் குடுக்கிறீங்களா? எங்க வாசல் இஸ்தோப்புல வெச்சு வறுத்திட்டுப் பொழுது சாய முந்தித் தந்திடுறேன்."

"குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? புள்ளைக்குச் சளி. இந்த வாரம் போகட்டும் மதினி."

அடுத்த வாரம் அடுப்பு கிடைத்தது. பெரியாயி மெஷினைத் தரவில்லை. அதற்கடுத்த வாரம் மெஷின் கிடைத்தது. சிலிண்டரில் காஸ் தீர்ந்திருந்தது. ஹபீஸ் நானா கடைப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. ஒரு நாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், டிரம்முக்குள் கையை விட்ட கிஷானியைப் பார்த்து நின்றுவிட்டாள். பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"ஏங்க! மா போடுற டிரம்முல தண்ணி ஊத்தி வெச்சிருக்கீங்க?"

கிருஷ்ணராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். "பீலியில தண்ணி வரல. வாறப்பப் புடிச்சு வெச்சாத்தானே? மாவு எங்க இருக்கு, போட்டு வெக்க? எல்லாரும் அவங்கவங்க பங்க அனுபவிக்கிறாங்க. நம்ம பங்கு மட்டும் சும்மா கெடந்து துரு ஏறணுமா?"

"பங்கா? ஆரு சொன்னா பங்குன்னு?"

"அம்மன் முன்னுக்குச் சீட்டுப் போட்டா அதுக்குப் பேரு என்னா?"

சிவசக்தி கிஷானியிடமிருந்து செம்பை வாங்கினாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த டிரம் தண்ணீரில்தான் உலை வைத்தாள்.

அப்புறம் ரிஸ்கா போன் பண்ணினாள். பணம் கொடுத்த ஆட்கள் பார்க்க வருகிறார்கள். கொழும்பிலிருந்து இரண்டு பேர், வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா. "வேலை நடக்கிறத அப்படியே காட்டினா போதும் அக்கா."

செய்தி லயத்துக்குள் போனதுதான் தாமதம். யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டியதைக் காட்டுவதில் மேற்பிரிவுக்காரர்களுக்குப் பழக்கம் உண்டு. துரையே ஆள் அனுப்பி மடுவத்தைத் திறந்து கழுவிவிடச் சொன்னார், சுண்ணாம்புகூட அடித்தார்கள். பொழுது விடியுமுன்பே அமராவதியின் மகன் அடுப்பைத் தலையில் சுமந்து வந்தான். மெஷின் வந்தது. தராசு வந்தது. கிருஷ்ணராஜ் டிரம் இரண்டையும் கவிழ்த்துத் துடைத்து வெயிலில் காய வைத்தான்.

அந்த ஒரு நாள் கம்பெனி நடந்தது.

முதல் நாளே ஊற வைத்து வடித்த பச்சரிசியைப் பெரியாயி மெஷினில் கொட்டினாள். ஈர மா பொல பொலவென்று இறங்கியது. அமராவதி சலித்தாள். சிவசக்தி தாச்சி முன்னால் நின்றாள். கை ஓயக்கூடாது, ஓய்ந்தால் அடி பிடிக்கும். முதலில் ஆவி வரும், பிறகு கட்டி கட்டும், பிறகு உடையும், பிறகுதான் மணல் மாதிரி ஓடும். பதம் பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோடு இழுத்தாள். அறுபடாமல் விழுந்தது.

"எறக்குங்க மதினி!"

"அடியாத்தே, என்னா வாசம்!" என்றாள் அமராவதி. "தொர பங்களா வரைக்கும் போகும் போல."

"போகட்டும். அந்தாளு மூக்கால திங்கட்டும்," என்றாள் பெரியாயி. எல்லாரும் சிரித்தார்கள். மாவு படிந்து பெரியாயியின் புருவம் வெளுத்திருந்தது. "ஏண்டி ஜெயந்தினி, இப்ப நான் வெள்ளைக்காரி மாதிரி இல்ல? வாற அம்மாவுக்கு நான் அக்கா மொற."

ஜெயந்தினி நிறுத்தாள், போட்டாள், ஒட்டினாள். ஒட்டுகிற மெஷின் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு டிக்குக்கும் கத்தினார்கள். கீழே பாதையில் மூடுபனி; வருகிறவர்கள் பிந்தினார்கள். பிந்தியது நல்லதாகப் போயிற்று. மேசை நிறைந்து பெக்கட் அடுக்கினார்கள். இடையில் அமராவதி எல்லாருக்கும் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்தாள். தாச்சியைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சிவசக்தி அடுக்கின பெக்கட்டுகளைப் பார்த்தாள். ஹபீஸ் நானாவின் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அவை நிற்பது அப்படியே தெரிந்தது. முகத்தை எப்படிச் சுளிப்பார்!

மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். வெளிநாட்டு அம்மா தாச்சிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள், ரிஸ்கா கண் கலங்க மொழிபெயர்த்தாள்: "இது வரைக்கும் பார்த்த குழுவுலயே இதுதான் சிறந்த ஒற்றுமையாம்." படம் எடுத்தார்கள். துரை எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றுகொண்டார். பிறகு அவரே பெக்கட்டுகளை அள்ளி, "டேஸ்ட் பார்க்கக் கொண்டுபோங்க மேடம், கொண்டுபோங்க," என்று வாகனத்துக்குள் ஏற்றினார். மேசை காலியானதைச் சிவசக்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாகனம் வளைவில் மறைந்ததும் கணக்கப்பிள்ளை பூட்டோடு வாசலுக்கு வந்தார். "எடுங்க எடுங்க, பூட்டணும்."

அமராவதியின் மகன் அடுப்பின் குழாயைக் கழற்றக் குனிந்தான்.

"கொஞ்சம் பொறு ராசா," என்றாள் சிவசக்தி. "எல்லாரும் கேளுங்க. இன்னக்கிப் பார்த்தீங்கதானே? ஒண்ணா வெச்சா இதான் நடக்கும். எல்லாத்தையும் எப்பிடியாச்சும் எங்க காம்பராவுல அடக்கி வெப்போம். நான் வறுக்கிறேன். தொர கேட்டா நான் பதில் சொல்றேன். வாறத நாலாப் பிரிப்போம்."

அமராவதி தலையைக் குனிந்தாள். "மதினி, சின்னதுக்குச் சுடுதண்ணி வெக்கணும். வெறகெல்லாம் ஈரம்."

"ஜெயந்தினி, நீ சொல்லு. நீதானே எழுதிப் போட்ட?"

"அக்கா…" ஜெயந்தினி மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள், "தம்பிக்கு இப்பத்தான் நாலு பேரு கேட்டு வாங்குறாங்க. அவன்கிட்ட எப்பிடிக்கா சொல்றது?"

"ஓங் காம்பராவுலயா வெக்கச் சொல்ற?" பெரியாயி முந்தானையால் புருவத்தைத் துடைத்தாள். சிரிப்பு அதோடு போயிருந்தது. "அப்ப அது தலைவர் வீட்டுத் தையல் மெஷினுதான்."

"நான் தலைவர் மாதிரியா அத்த?"

"தலைவின்னு போர்டுல எழுதியிருக்கே."

"அத நானா எழுதச் சொன்னேன்?"

"எழுதினப்ப வேணாம்னும் சொல்லல. நான் ஒண்ணு கேக்குறேன். மண்சரிவு வந்தப்ப ஒனக்கும் எனக்கும் சேத்து ஒரு தறப்பாளு குடுத்தாங்க. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா மேல போட்டுக்குவோம்னு நான் சொன்னேன். கத்தியக் கொண்டாந்து ரெண்டாக் கிழிச்சு ஓம் பாதிய எடுத்துட்டுப் போனது ஆரு?"

சிவசக்தியின் முகம் சிவந்தது. "அது மழ நேரம் அத்த. இது பொழப்பு."

"எங்களுக்கு எல்லாம் மழ நேரந்தாண்டி."

"நான் குவைத்துக்குப் போகணும் அத்த. இது நடக்காட்டி நான் போகணும். தெரியுமா ஒங்களுக்கு?"

பெரியாயியின் குரல் தணிந்தது. ஆனால் கை மெஷின் மேலிருந்து எழும்பவில்லை.

"தெரியும் புள்ள. தெரியாமலா இருக்கேன்? போனா எங்க கண்ணுலயும் தண்ணிதான் வரும். ஆனா இந்த மெஷினு வந்த பொறகுதான் எம் மருமக எனக்குச் சோறு போடுறப்ப மூஞ்சியத் தூக்காம போடுறா. இத நான் எப்பிடிக் குடுப்பேன்? அதோட, அம்மன் முன்னுக்கு விழுந்த சீட்டு. ஓம் மகதான் எடுத்தா. தைரியம் இருந்தா நீ மாத்து. நான் தடுக்கல. ரெண்டு பொம்பளப் புள்ள வெச்சிருக்க. யோசிச்சு மாத்து."

அம்மனை மீறுகிற தைரியம் சிவசக்திக்கு இல்லை. மற்றவர்கள் சொல்லி வந்த பயமில்லை அது. அவள் பிறந்த நாளிலிருந்து அவளோடேயே வளர்ந்த பயம். பெரியாயிக்கும் அது தெரியும்.

கணக்கப்பிள்ளை பூட்டை ஆட்டினார். அடுப்பு முதலில் போயிற்று. பிறகு தாச்சி, அது வாசலில் இடித்து ஒரு பெரிய சத்தம் போட்டது. ஜெயந்தினி தராசைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கிருஷ்ணராஜ் மேசையைத் தூக்க முடியாமல் நின்றான். அமராவதியின் மகன்தான் திரும்பி வந்து ஒரு பக்கம் பிடித்தான். நல்ல பையன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை.

பத்து நாளைக்குள் ரிஸ்கா மறுபடியும் போன் பண்ணினாள். சந்தோஷத்தில் வார்த்தை முட்டியது.

"அக்கா, உங்க குழுவத்தான் முன்மாதிரியா எடுத்திருக்காங்க! உங்க படம் பெரிசாப் போட்டிருக்கு. கொழும்புல கூட்டம் இருக்கு, தலைவி வந்து பேசணுமாம். போக வர எல்லாம் நாங்க பார்த்துக்குவோம். வருவீங்கதானே?"

"நானும் கொழும்புக்குத்தான் வாறேன் மிஸ்."

"அப்படியா! எப்ப?"

"வெள்ளிக்கெழம. மெடிக்கலுக்கு."

"மெடிக்கலா? யாருக்கு என்ன அக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மிஸ். ஒண்ணுமில்லன்னு காட்டத்தான் வாறேன். குவைத்துக்கு."

ரிஸ்கா மெதுவாக, "மா கம்பெனி…?" என்றாள்.

"நடக்குது மிஸ். நாலு வீட்டுலயும் நடக்குது," என்று சொல்லிப் போனை வைத்தாள் சிவசக்தி.

அன்று சாயந்தரம் யதுஷாவுக்குச் சோற்றைப் பிசைந்து தட்டைக் கிருஷ்ணராஜிடம் நீட்டினாள்.

"நீங்க ஊட்டுங்க."

"ஏன், நீ இருக்கியே?"

"இருக்கிறப்பவே பழகட்டும். பருப்பு நெறைய போட்டாத்தான் திம்பா. கதை சொல்லணும். மொளகாய எடுத்துருங்க."

வெளியே வந்து இஸ்தோப்பு விளிம்பில் உட்கார்ந்தாள். மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே யதுஷா வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுவது சத்தத்திலேயே தெரிந்தது.

"வேணாம்! அம்மா ஊட்டணும். அம்மா!"

"அம்மா வரமாட்டா கண்ணு. ஒரு வாய். அப்பா பாரு."

"அம்மா!"

சிவசக்தி எழும்பவில்லை. பிள்ளை அழுது, விக்கி, களைத்து, கடைசியில் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் தட்டில் விரல் படுகிற ஓசை கேட்டது. பிறகு மெல்லுகிற ஓசை.